கொட்டாஞ்சேனை வளவில் காலில்லாத அரணை

முதலாவது எனக்குச் செத்துத்தான் வந்து சேர்ந்தது. அதை விளக்குமாற்றால் அடித்துக் கொன்றவர் என் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கு உயிரியல் டியூஷன் எடுப்பது என் தொழில். பத்து மணிக்கு வகுப்பு. எட்டரைக்குத் தொலைபேசி அடித்தது. மச்சாள்தான்; அவரும் என்னை மச்சாள் என்றே கூப்பிடுவார்.

"மச்சாள், பாம்புக்குட்டி ஒண்டு அடிச்சுப்போட்டன். நீர் உந்தப் பாம்பு பல்லியெல்லாம் படிச்சனீர்தானே. வட்ஸ்அப்பில படம் போட்டிருக்கிறன், என்ன பாம்பெண்டு பாத்துச் சொல்லும். விஷப் பாம்பெண்டா இன்னும் குட்டியள் கிடக்கும்."

மச்சாள் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. மகன் கனடாவில். இரண்டு பக்கமும் மாடி வீடுகள் எழும்பிவிட்டன. இவருடைய வீட்டுக்குப் பின்னால் மட்டும் இன்னும் கொஞ்சம் மண் மிஞ்சியிருக்கிறது. ஓர் ஈரப்பலா மரம், ஒரு கறிவேப்பிலை, உடுப்புத் தோய்க்கிற கல், உக்கிப்போன தென்னங்குற்றிகள். அவ்வளவுதான் அந்த வளவு.

படத்தைத் திறந்தேன். சீமெந்துத் தரையில், ஒரு ரப்பர்ச் செருப்புக்குப் பக்கத்தில், கரும் மண்ணிறத்தில் பளபளவென்று ஏதோ கிடந்தது. செருப்பின் அரைவாசி நீளம்கூட இல்லை.

"அடிக்கேக்க வால் கழண்டு போச்சுது மச்சாள்," என்றார் அவர். "கழண்ட வால் தனியக் கிடந்து துள்ளினது. எனக்கு நெஞ்சே நிண்டிட்டுது."

பாம்பின் வால் இப்படிக் கழலாது. படத்தைப் பெருப்பித்துத் தலையைப் பார்த்தேன். செத்துக் கிடந்த அந்தப் பிராணி கண்ணை மூடியிருந்தது. பாம்புக்குக் கண்ணை மூட முடியாது. அதற்கு இமை கிடையாது. பிறகு உடம்பின் பின்பகுதியைப் பார்த்தேன். வால் முறிந்த இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் குறுணல் அரிசியின் நுனி அளவில் இரண்டு குருத்துகள் நீட்டிக்கொண்டிருந்தன.

என் கையிலிருந்த சிவப்புப் பேனை விடைத்தாளில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டது. அந்தப் பிள்ளையிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

"மச்சாள், அதை இப்ப என்ன செய்தனீங்கள்?"

"பேப்பரில சுத்தி வைச்சிருக்கிறன். மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தப் போறன்."

"கொளுத்தாதேங்கோ!" நான் போட்ட சத்தத்தில் குளியலறையிலிருந்த என் கணவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "வாலையும் எடுத்து வையுங்கோ. பிறிட்ஜுக்குள்ள வையுங்கோ."

"என்ன கதை கதைக்கிறீர்? மீன் வைக்கிற இடத்தில பாம்போ? என்ர உயிர் போனாலும் வைக்கமாட்டன்."

"அப்ப ஸ்பிரிட் இருக்குதோ?"

"ஊசி போடுற ஸ்பிரிட்டோ? அது இஞ்ச ஆரிட்டக் கிடக்கு?"

 பிறகு ஓர் அலுமாரிக் கதவு திறக்கும் ஓசை கேட்டது.

"ஸ்பிரிட்டுக்குப் பதிலாச் சாராயம் காணுமோ?" என்று கேட்டார்.

 அந்தச் சாராயப் போத்தல் எனக்குத் தெரியும். மச்சாளின் கணவர் முக்கால்வாசி குடித்து மீதி வைத்துவிட்டுப் போனது. அவர் இருந்த காலம் முழுவதும் அந்தப் பழக்கத்துக்காக மச்சாள் சண்டை பிடித்தார். அவர் போன பிறகு அந்தக் கடைசிப் போத்தலை வீசவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. அலுமாரிக்குள், அவருடைய வேட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

"காணும் மச்சாள்," என்றேன். "ஆனா அதை நீங்கள்..."

"காணுமெண்டாச் சரி. ஜாம் போத்தல் ஒண்டு கழுவி எடுக்கிறன். நீர் வெளிக்கிட்டு வாரும்."

பத்து மணி வகுப்பை நிறுத்தினேன். காய்ச்சலோடும் வகுப்பெடுத்தவள் நான். ஒரு பல்லிக்காக நிறுத்தினேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால், அவசரம் என்று மட்டும் மாணவர்களுக்கு எழுதினேன். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து என் பழைய வரைபடக் கொப்பியையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு காலி வீதிக்கு வந்து, கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன்.

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடத்தில் நான் செய்த ஆய்வு அரணைகளைப் பற்றியது. மண்ணுக்குள் வாழ்ந்து வாழ்ந்து காலைத் தொலைத்துவிட்ட அரணைகள் இந்த நாட்டில் சில உண்டு. பார்ப்பவர்கள் மண்புழு என்பார்கள், அல்லது பாம்பு என்று அடிப்பார்கள். அவற்றில் ஒரு வகையை உயிரோடு பார்த்தவர்கள் அன்று யாரும் இருக்கவில்லை. இருந்ததெல்லாம் கண்ணாடிக் குடுவையொன்றில் மஞ்சள் பிடித்த திரவத்துக்குள் சுருண்டிருந்த ஒரே ஓர் உடல். முன்கால் இல்லை. பின்காலின் இடத்தில் இரண்டு குருத்துகள். அந்தக் குடுவையின் முன்னால் மூன்று மாதம் இருந்து, செதில் செதிலாக எண்ணி, பென்சிலால் வரைந்தேன். அழிந்துபோனது என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த பிராணி. மழைக்காடுகளில் தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

குடுவையில் ஒட்டியிருந்த துண்டில் மங்கிய மையில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: கொழும்பு. அது பிடித்த இடமாக இருக்க முடியாது, கப்பலேற்றிய துறைமுகமாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நகரத்துக்குள் அப்படி ஒன்று இருக்குமா என்ன? அன்று எனக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. ஒரு பிராணியைப் பிடித்தவர் பிடித்த இடத்தை எழுதியிருக்கிறார் என்று ஏன் நம்பக்கூடாது? இதைக் கொப்பியின் ஓரத்தில் எழுதியும் வைத்தேன். பிறகு படிப்பு முடிந்தது. ஆராய்ச்சிக்குப் போக இடம் கிடைக்கவில்லை. கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், டியூஷன் தொடங்கினேன். அதில் எனக்கு மனக்குறை ஒன்றுமில்லை. நல்லாகப் படிப்பிக்கிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் செதில்களின் எண்ணிக்கை மட்டும் என் வீட்டுத் தொலைபேசி இலக்கம்போல மனதிலேயே தங்கிவிட்டது.

கொட்டாஞ்சேனையில் மச்சாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். குசினி மேசையில் ஜாம் போத்தல். அதற்குள் பொன்னிறச் சாராயத்தில் அது மிதந்தது. வால் தனியாக அடியில் கிடந்தது. பக்கத்தில் வெறுமையான சாராயப் போத்தல் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவர் கண்டார்.

"அந்த மனுசனுக்கும் ஒரு நாள் உதவினதெண்டு இருக்கட்டும்," என்றார்.

வெள்ளைத் தட்டில் அதை எடுத்து வைத்து, யன்னல் வெளிச்சத்தில் உருப்பெருக்கியைப் பிடித்து, உடம்பின் நடுவில் சுற்றுவட்டத்துச் செதில்களைக் குண்டூசி முனையால் எண்ணினேன். ஒருமுறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை மறுபக்கத்திலிருந்து. மூன்று தடவையும் ஒரே எண்ணிக்கை. கொப்பியைத் திறந்தேன். அதே எண்ணிக்கை. தோட்டங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் வகைக்கு இரண்டு செதில் குறைவு; அதற்குக் குருத்தும் இல்லை.

மச்சாள் தூரத்தில் நின்றபடி கேட்டார்: "என்ன, கடுமையான விஷமோ?"

"விஷமே இல்லை. இது பாம்பில்லை மச்சாள், அரணை. உலகத்தில இல்லையெண்டு எழுதிப்போட்ட அரணை."

கதிரையை இழுத்து இருந்தார். 

"அப்ப இருந்த ஒண்டையும் நான் சாகடிச்சுப்போட்டனோ?"

"ஒண்டு தனிய இருக்க ஏலாது. இது இளசு. இளசெண்டா தாய் ஒண்டு இருந்திருக்க வேணும். இது மண்ணுக்குள்ளயே ஊர்ந்து திரியிற சாதி, தூரம் போகாது. உங்கட வளவுக்குள்ளதான் கிடக்கு."

நான் அவருக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

ஊர்வனவற்றில் வேலை செய்யும் ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு அன்று மத்தியானமே படங்களை அனுப்பினேன். சிங்களப் பெண், என் மாணவிகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். மரியாதையாகப் பதில் எழுதினார். நன்றி, இது பெரும்பாலும் சாதாரணத் தோட்ட வகையாக இருக்கும், அடிபட்ட உடம்பில் குருத்துப் போலத் தெரிவது கிழிந்த தோலாக இருக்கலாம், அந்தப் பழைய வகை கொழும்பில் இருக்க வாய்ப்பில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபத்தை எழுதவில்லை. கொப்பியின் பக்கத்தைப் படம் பிடித்து, செத்ததன் செதில்களைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் இலக்கம் போட்டு அனுப்பினேன். கீழே, "நான் எண்ணியது சரி. நீங்களும் எண்ணிப் பாருங்கள்," என்று எழுதினேன். அரை மணித்தியாலத்தில் தொலைபேசி அடித்தது. அவருடைய குரல் மாறியிருந்தது. உடலைக் கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்று கேட்டார். உயிரோடு ஒன்றாவது கிடைத்தால்தான் உறுதியாகச் சொல்லலாம் என்றார். அனுமதிப் பத்திரம் தன்னிடம் இருக்கிறது, நான் கண்டால் கையில் பிடிக்காமல் தனக்குச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அனுமதியில்லாமல் பிடித்து வைப்பது குற்றம் என்று எனக்கும் தெரியும். ஜாம் போத்தலை அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்தவர் முகத்தைச் சுழித்து, "இது என்ன மணம் மிஸ்?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார்; அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

ஆனால் அந்த ஞாயிறன்றே மச்சாள் வீட்டில் வேறொரு பிரச்சினை இருந்தது. வளவு முழுவதுக்கும் கொங்கிறீட் போட ஏற்கெனவே மேசன் பாஸிடம், அதாவது கொத்தனாரிடம், சொல்லியாகிவிட்டது. மறுநாள் திங்கட்கிழமையே வேலை தொடக்கம். கனடாவிலிருந்து மகன்தான் வற்புறுத்தினார். மழைக்குச் சேறாகிறது, அம்மா வழுக்கி விழுந்தால் தூக்கக்கூட ஆளில்லை, பாம்பு பூச்சியும் வரும் என்று அவருக்குப் பயம். நியாயமான பயம். அவர் நல்ல பிள்ளை.

"நாளைக்கு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ மச்சாள்."

"பாம்பு வந்த வளவு. நீர் அரணை எண்டுறீர். எனக்கு ஊருறதெல்லாம் பாம்புதான். நான் தனிய இருக்கிறன், உமக்குத் தெரியும்தானே."

"தெரியும்."

"பிறகு?"

பிறகு என்ன சொல்வது? அவருடைய வீடு, அவருடைய பயம். இருபத்தைந்து வருடத்துக்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, "பல்லி ஓணான் படிச்ச பிள்ளை வீட்டுக்குச் சரிவருமோ?" என்று கேட்டவர் இவர்தான். அதை நான் மறந்ததுமில்லை, அவரிடம் கேட்டதுமில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் மரியாதை இருந்தது, நெருக்கம் இருந்ததில்லை.

"கொங்கிறீட் போட்டா அதுகள் மூச்சில்லாமச் செத்துப்போகும்," என்றேன். "இஞ்ச மட்டும்தான் இருக்குதோ எண்டும் எங்களுக்குத் தெரியாது. ஒரு கிழமை தாங்கோ. நான் ஒவ்வொரு நாளும் காலமை வந்து தேடுறன். கிடைக்காட்டி நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அவர் யோசித்தார். "ஒரு கிழமை. நான் வளவுக்குள்ள கால் வைக்கமாட்டன். கண்டால் என்னைக் கூப்பிடவும் வேண்டாம்."

அன்றே மேசன் பாஸுக்குத் தொலைபேசி எடுத்துச் சிங்களத்தில், வீட்டில் விசேஷம் ஒன்று, ஒரு வாரம் பிந்தி வாருங்கள் என்று சொன்னார். என்ன விசேஷம் என்று அவர் கேட்டதற்கு, "பிறந்தநாள்," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

என் வகுப்புகள் பின்னேரமும் வார இறுதியும் என்பதால் வாரநாட்களில் காலை எனக்குச் சொந்தம். ஆறு மணி பஸ்ஸில் ஏறி வீதி நெரிசலுக்கு முன் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடுவேன். பழைய சோட்டிக் கவுனொன்றை மாற்றிக்கொண்டு, மண்வெட்டி இல்லாமல், விரலால் சருகைக் கிளறுவேன். வெட்டினால் உள்ளே இருப்பதும் வெட்டுப்படும். ஈரப்பலாவின் அடியில் வருடக்கணக்கான சருகு, தோசை அடுக்கினதுபோலப் படிந்து, கீழே தேயிலைச் சாயம்போலக் கறுத்த ஈர மண்ணாக இருந்தது. மேலே மாடிக்காரர்கள் பல்கனியில் நின்று பார்த்தார்கள். நகை ஏதும் தொலைந்ததா என்று ஒரு அம்மா தமிழில் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். அது விளங்கப்படுத்துவதைவிட எளிது.

முதல் நாள் மண்புழு, பூரான், ஒரு சாதாரண அரணை. இரண்டாம் நாள் நத்தைகள். மச்சாள் சொன்னபடி குசினிப் படியிலேயே நின்றார், கையில் தேத்தண்ணிக் கோப்பை. மூன்றாம் நாள் அங்கிருந்தபடியே கட்டளையிடத் தொடங்கினார்: "அந்தக் குற்றிக்குக் கீழ பாத்தனீரோ? இல்லை, மற்றக் குற்றி." நான்காம் நாள் எனக்கு ரப்பர்க் கையுறை கொண்டுவந்து, படியிலிருந்து எறிந்தார். மத்தியானம் புட்டும் மீன்குழம்பும் போட்டார். சாப்பிடும்போது கேட்டார்.

"இருக்குமெண்டு எப்பிடி இவ்வளவு நிச்சயமாச் சொல்லுறீர்? நாலு நாளாச்சு."

"நான் எண்ணினனான் மச்சாள். எண்ணினது பிழைக்காது. ஒரு வீட்டில குழந்தையைக் கண்டா, அந்த வீட்டில தாய் இல்லையெண்டு நாங்கள் நினைக்கிறதில்லைத்தானே."

அவர் இன்னொரு அகப்பை புட்டு வைத்தார்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை. விடியவே நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் மதில் ஓரத்தில் முழங்காலில் இருந்து கிளறிக்கொண்டிருந்தேன். உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரையில் ஈரச் சாக்கொன்று பல நாளாகக் கிடந்தது. வளவு மண்ணில் கால் வைக்கமாட்டேன் என்றவர், சீமெந்துதானே என்று நினைத்து, அதைத் தூக்கிக் காயப்போடப் போயிருக்கிறார்.

"மச்சாள்."

குரல் வழமைபோல இல்லை. மெதுவாக, பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்போது கதைப்பதுபோல.

"மச்சாள், இஞ்ச வாரும். ஓடி வராதேயும். நான் அசையாமல் நிக்கிறன்."

திரும்பிப் பார்த்தேன். ஒரு கையில் சாக்கு, மறு கையில் புட்டு அவிக்கிற பனையோலை நீத்துப்பெட்டி. காயவைக்கக் கொண்டுவந்திருக்கிறார். அவருடைய காலடியில், சாக்குக் கிடந்த ஈரத்தில், அது. செத்ததைவிட இரண்டு மடங்கு பெரிது. மழையில் கழுவியதுபோல மினுங்கியது. தலையை இடமும் வலமும் ஆட்டித் தரையில் துளை தேடியது. சீமெந்தில் அதற்குத் துளைக்க இடமில்லை. ஆனால் நான்கு விரல் தூரத்தில் மண் தொடங்குகிறது. அதுவரை போய்விட்டால் பிறகு யாரும் காணமுடியாது.

நான் எழும்பி வருவதற்குள் மச்சாள் குனிந்தார்.  நீத்துப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மூடினார். மூடிவிட்டுப் பெட்டியின் மேல் கையை வைத்தபடி அப்படியே குந்தியிருந்தார்.

"சரியோ?" என்றார்.

"சரி மச்சாள். இதைவிடச் சரியா ஒருத்தரும் செய்ய ஏலாது."

"நீத்துப்பெட்டியை இனிப் புட்டவிக்க எடுக்கமாட்டன். உமக்குச் சொல்லிப்போட்டன்."

விரிவுரையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓட்டோவில் உடனே வருவதாகச் சொன்னார். வெயில் எறிக்கத் தொடங்கியது. பெட்டியைச் சுற்றி ஈரத் துணி வைத்து, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, குடையைப் பிடித்தபடி நானும் மச்சாளும் காவல் இருந்தோம். மேல் பல்கனியிலிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "நகை கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டார். "கிடைச்சிட்டுது, கிடைச்சிட்டுது," என்று மச்சாள் மேலே பார்க்காமலே கத்தினார்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் கதைத்ததுபோல அதற்கு முன் கதைத்ததில்லை. தன் கணவர் இந்தத் தென்னங்குற்றிகளை எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டதையும், எடுத்துக் கொட்டச் சொல்லி எத்தனையோ தடவை சண்டை பிடித்ததையும் சொன்னார். பிறகு திடீரென்று சொன்னார்:

"உம்மைப் பாக்க வந்த நேரம் நான் ஒரு கதை சொன்னனான். பல்லி படிச்ச பிள்ளை எண்டு. உமக்குக் கேட்டதோ தெரியாது."

"கேட்டது."

"ம்."

குடையை என் பக்கம் சற்றுச் சாய்த்தார். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

விரிவுரையாளர் வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் முழங்காலில் சீமெந்தில் இருந்தார். பெட்டியை மெல்லத் தூக்கினார். அதைக் கையிலெடுத்து, ஈர மண் போட்ட கண்ணாடித் தட்டுக்கு மாற்றி, பைக்குள்ளிருந்து பெரிய உருப்பெருக்கியை எடுத்தார். எண்ணத் தொடங்கினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எண்ணி முடித்தவர் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். வீதியில் மரக்கறிக்காரர் கூவிக்கொண்டு போனார். மச்சாள் என் முழங்கையைப் பிடித்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஹரி மிஸ்," என்றார், சரி என்பதைச் சிங்களத்தில். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "நீங்க எண்ணினது ஹரி."

நான் அழவில்லை. சிரித்தேன். சரி என்று எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும். ஆனால் தெரிந்த ஒன்று மூச்சு விட்டுக்கொண்டு கண் முன்னால் அசைவதைப் பார்ப்பது வேறு. மூன்று மாதம் நான் பென்சிலால் வரைந்தது சாம்பல் நிறப் பிணம். இதன் வயிற்றுப் பக்கத்தில் மெல்லிய செம்பு நிறம் இருக்கும் என்று அந்தக் குடுவை எனக்குச் சொன்னதே இல்லை.

அளந்தார், நிறுத்தார், படமெடுத்தார். மச்சாள் குசினிக்குள் போய் மூன்று தேத்தண்ணியோடு வந்தார். விரிவுரையாளர் அவரிடம் சிங்களத்தில், தொட்டுப் பார்க்க விருப்பமா என்று கேட்டார். மச்சாள் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு வந்து, ஆள்காட்டி விரலை நீட்டி, அதன் முதுகில் ஒரு கணம் வைத்து எடுத்தார்.

"குளிர். வழுக்குது," என்றார். "பாம்பும் இப்பிடித்தானோ இருக்கும்?" பதிலுக்குக் காத்திருக்காமல் கையைக் கழுவப் போனார்.

அதை ஈரப்பலாவின் அடியில் விட்டோம். சருகுக்குள் தண்ணீர் வடிவதுபோல இறங்கி மறைந்தது.

அன்றே மச்சாள் மகனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். மகன் முதலில் பயந்துதான் போனார். "அம்மா, அது வீட்டுக்குள்ள வந்தா?" என்றார்.

"வராது. அதுக்கு வீடு பிடிக்காது. நான் பாத்தனான், எனக்குத் தெரியும்," என்றார் மச்சாள், ஏதோ பிறந்ததிலிருந்து அரணை வளர்த்தவர்போல. "குசினியில இருந்து தோய்க்கிற கல்லு வரைக்கும் ஒரு பாதை போடுவம். நான் வழுக்கி விழமாட்டன். மற்றது மண்ணாவே கிடக்கட்டும்."

மேசன் பாஸ் வந்தபோது அப்படியே செய்வித்தார். பாஸுக்கு வேலை குறைந்ததில் வருத்தம். பிறந்தநாள் நல்லா நடந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு விரிவுரையாளரின் குழு அந்தப் பகுதியில் அனுமதி வாங்கிப் பல வளவுகளில் தேடியது. மச்சாள் வீட்டில் இன்னும் இரண்டு. சற்றுத் தள்ளி, மரமுள்ள இன்னொரு பழைய வளவிலும் ஒன்று. குடுவையில் கொழும்பு என்று எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இவ்வளவு காலமும் அவை அங்கேயேதான் இருந்தன. நாங்கள்தான் காட்டில் தேடினோம். இங்கே அதன் லத்தீன் பெயரையும் மச்சாளின் வீடிருக்கும் ஒழுங்கையின் பெயரையும் நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. அரிய பிராணி என்றால் விலை பேச வருபவர்கள் இருக்கிறார்கள். மச்சாளின் கதவைத் தட்டும் ஆட்களை நான் கூட்ட விரும்பவில்லை.

ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும். இப்போது யாராவது வீட்டில் ஏதாவது ஊர்ந்தால் விளக்குமாற்றை எடுப்பதற்கு முன் மச்சாளைக் கூப்பிடுகிறார்கள். அவர் போய்த் தள்ளி நின்று பார்த்து, படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். பெரும்பாலும் மண்புழு. ஒருமுறை உண்மையிலேயே பாம்பு. அவர் வீட்டுக்கு ஓடி வந்து கதவைப் பூட்டிக்கொண்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

போன மழைக்காலத்தில் டெங்குப் பரிசோதனைக்காகச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்தார். நான் அன்று அங்கே இருந்தேன். வளவைப் பார்த்ததும், இந்தச் சருகு முழுவதையும் அள்ளிக் கொட்ட வேண்டும் என்றார். மச்சாள் அவரைப் படியிலிருந்து இறங்கவிடாமல் முன்னால் நின்றார்.

"மாத்தயா, தண்ணி நிக்கிற ஒரு சிரட்டை, ஒரு டின், ஒரு மூடி இருந்தாக் காட்டுங்கோ," என்றார் சிங்களத்தில். "ஒவ்வொரு நாளும் நானே பாக்கிறன். சருகில தண்ணி நிக்காது. நுளம்பு அதில முட்டையிடாது."

பரிசோதகர் பொறுமையான மனிதர். இறங்கி வந்து, குனிந்து, சருகை இரண்டு இடத்தில் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் இல்லை. ஏன் இவ்வளவு கவனமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மச்சாள் தன் தொலைபேசியில் படத்தைக் காட்டி, பத்து நிமிடம் நிறுத்தாமல் விளக்கினார். சிங்களத்தில் சொல் வராத இடத்தில் கையால் காட்டினார். நான் குறுக்கே பேசவில்லை. திருத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை.

அவர் கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார். "அம்மே, சருகு இருக்கட்டும். கூரைத் தண்ணி ஓடுற பீலி அடைச்சிருக்கு. அதில தண்ணி நிக்குது. அதைத் துப்புரவாக்குங்கோ."

அது நியாயம். அடுத்த நாள் காலை நான் ஏணியில் ஏறினேன். மச்சாள் கீழே நின்று இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் இன்னும் கிடக்கு, வலது பக்கம் இன்னும் கிடக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். பீலியிலிருந்து அள்ளிய சருகை இரண்டு வாளியில் நிரப்பி, மரத்தடியில் கொட்டிப் பரவினோம்.